உள் கரோட்டிட் தமனி: அடைப்பு, கிழிசல், வீக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாப்ளர் (கழுத்துத் தமனியை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதறுபவர்கள்தான் அதிகம் என்பதால் அடைப்பைப் பற்றித்தான் நீளமாக எழுதியிருக்கிறேன். கிழிசல், வீக்கம், பிறவிக் கோளாறு எல்லாம் பின்னால் வரும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

கழுத்தில் விரல் வைத்தால் துடிக்கிறதே, அதுதான் இந்தத் தமனியா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் தொட்டுப் பார்ப்பது பொதுக் கரோட்டிட். அது கழுத்தின் இரு பக்கமும் ஏறி வந்து, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில் இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கரோட்டிட் முகம், நாக்கு, தலைத்தோல் என்று போய்விடும். உள் கரோட்டிட் கழுத்தில் ஒரு கிளைகூட விடாமல் மண்டையோட்டின் அடிக்கு ஏறி, எலும்புக்குள் இருக்கும் குடைவு வழியாக நுழைந்து, நெளிந்து போய், கண்ணுக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு, கடைசியில் மூளையின் இரண்டு பெரிய தமனிகளாகப் பிரிந்து முடிகிறது. மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அதற்கே போகிறது, அதில் பெரும்பங்கு இந்த இரண்டு குழாய்கள் வழியாகத்தான். கண்ணுக்கு ஒரு கிளை போகிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ரிப்போர்ட்டில் "50 சதவீத அடைப்பு" என்று போட்டிருக்கிறது. இது ஆபத்தா?

அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பக்கத்துத் தமனியால் உங்களுக்கு ஏதாவது அறிகுறி வந்திருக்கிறதா, வந்திருந்தால் எப்போது வந்தது என்பதுதான். சதவீதம் அதற்கு அடுத்துத்தான். போன வாரம் பத்து நிமிஷம் கை விழுந்து எழுந்த ஒருவரின் 60 சதவீதமும், மாஸ்டர் செக்கப்பில் தற்செயலாகத் தெரிந்த ஒருவரின் 60 சதவீதமும் ஒன்றே அல்ல. முன்னவர் இன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும், பின்னவர் நிதானமாக அடுத்த வாரம் போகலாம்.

அந்தச் சதவீதமும் நேரடியாக அளந்த எண் இல்லை. டாப்ளரில் பார்ப்பது ரத்தம் பாயும் வேகம். குழாய் குறுகினால் அந்த இடத்தில் வேகம் கூடும். உச்ச வேகம் விநாடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால் 50 சதவீதத்துக்கு மேல், 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்று கணக்குப் போடுகிறார்கள். எடுப்பவரின் கைப்பழக்கம், புரோப் வைக்கும் கோணம் எல்லாம் இதில் சேரும். போதாக்குறைக்கு, ஆஞ்சியோவில் (சாயம் ஏற்றி எடுக்கும் தமனிப் படம்) அளப்பதற்கே இரண்டு முறை இருக்கின்றன, அமெரிக்க முறையில் 70 சதவீதம் என்று வருவது பழைய ஐரோப்பிய முறையில் சுமார் 82 என்று வரும். அதனால் ஒரு சென்டரில் 55, இன்னொரு சென்டரில் 65 என்று வந்தால் மூன்று மாதத்தில் பத்து சதவீதம் ஏறிவிட்டது என்று அழ வேண்டாம். ஆபரேஷன் வரை யோசிக்கிறார்கள் என்றால் சிடி ஆஞ்சியோ அல்லது எம்ஆர் ஆஞ்சியோவில் உறுதி செய்துகொள்வார்கள்.

"சுவர் தடிப்பு 0.9 மி.மீ." என்று மட்டும் எழுதியிருந்தால் அது அடைப்பே இல்லை. வயசும் பிரஷரும் சேர்ந்தால் சுவர் கொஞ்சம் தடிக்கத்தான் செய்யும்.

அறிகுறி என்றால் எதெல்லாம்? எனக்கு அடிக்கடி தலைசுற்றுகிறது.

தலைசுற்றல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் இந்தத் தமனியின் வேலை இல்லை. காதின் உள்பகுதி, பிரஷர் மாத்திரை, சுகர் இறங்குவது, மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் வேறு தமனிகள் என்று அதற்குக் காரணங்கள் வேறு. ஆனால் தலைசுற்றலுக்காகக் கழுத்து டாப்ளர் எடுத்து, அதில் சம்பந்தமே இல்லாத ஒரு 40 சதவீதத்தைப் பார்த்து, பழியை அதன்மேல் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம்.

உண்மையான அறிகுறிகள் திடீரென்று வருபவை: ஒரு பக்கக் கை, கால், முகம் விழுவது அல்லது மரத்துப்போவது, பேச்சு குழறுவது, சொல்ல வந்த வார்த்தை வாயில் வராமல் போவது. அப்புறம் கண். மேலே சொன்ன அந்தக் கிளைக்குள் ஒரு துணுக்கு போய் அடைத்தால், ஒரு கண்ணில் மட்டும் மேலிருந்து திரை இறங்கியதுபோல் இருட்டி, சில நிமிஷத்தில் தானாகத் தெளியும். வலி இருக்காது. வலது தமனியில் கோளாறு என்றால் விழுவது இடது கை, ஆனால் இருட்டுவது வலது கண், ஏனென்றால் கண்ணுக்குப் போகும் கிளை அதே பக்கத்தில்தான் இருக்கிறது. கண் டாக்டரிடம் போய் "கண்ணில் ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் பக்கவாதத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். கழுத்துத் தமனி நோய்க்கும் இப்படிக் கண் இருட்டுவதற்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பை மில்லர் ஃபிஷர் 1951-லேயே தெளிவாக எழுதிவிட்டார்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. காலையில் போனால் போதாதா?

போதாது. தானாகச் சரியாகிவிட்டது என்பதற்காகத்தான் ஓட வேண்டும். இதைத்தான் மினி ஸ்ட்ரோக் என்கிறார்கள், அடுத்த பெரிய பக்கவாதம் வருவதற்கான ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். தமனிச் சுவரில் இருக்கும் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து மேலே போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. முதல் துணுக்கு கரைந்தது உங்கள் அதிர்ஷ்டம், அடுத்தது கரையும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கை விழுந்தது எழவே இல்லை என்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். பெரிய தமனியே அடைத்திருந்தால் கம்பி வழியாகக் கட்டியை உறிஞ்சி எடுக்கலாம், தகுதியுள்ளவர்களுக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். சிடி ஸ்கேன் இல்லாத இடத்தில் முதலில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். ஸ்கேன் எடுக்கும் முன்னால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் வேண்டாம், ரத்தக்கசிவாக இருந்தால் அது கெடுதல்.

அறிகுறி வந்தது, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருக்கிறது. ஆபரேஷன் அவசியமா?

இங்கேதான் ஆபரேஷனுக்குத் தெளிவான நியாயம் இருக்கிறது. 1991-ல் வெளியான நாசெட் என்ற வட அமெரிக்க ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தபோது இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கப் பக்கவாதம் 26 சதவீதம் பேருக்கு வந்தது, ஆபரேஷன் செய்தவர்களுக்கு 9 சதவீதம். ஆறு பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒருவருக்குப் பக்கவாதம் தவிர்க்கப்படுகிறது என்று அர்த்தம், மருத்துவத்தில் இது பெரிய லாபம். 50 முதல் 69 சதவீதம் என்றால் லாபம் இருக்கிறது, ஆனால் சுமார்தான்: ஐந்து வருஷத்தில் 22.2-க்கு எதிராக 15.7. ஐம்பதுக்குக் கீழே லாபம் இல்லை.

ஆபரேஷன் என்பது கழுத்தைத் திறந்து, தமனியைக் கீறி, உள்ளே ஒட்டியிருக்கும் படிவைச் சுரண்டி எடுத்துவிட்டு மூடுவது. 1950-களிலிருந்து செய்துவருகிறார்கள். சரி, எப்போது செய்ய வேண்டும்? அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள். "மூன்று மாதம் போகட்டும், உடம்பு தேறட்டும்" என்று தள்ளிப்போட்டால் லாபத்தில் பெரும்பகுதி போய்விடும், ஆபத்தான காலம் அதற்குள் கடந்திருக்கும். பெரிய பக்கவாதம் வந்து மூளையில் பெரிய பகுதி செத்துப்போயிருந்தால் மட்டும் கணக்கு வேறு.

ஆபரேஷனா ஸ்டென்டா?

ஸ்டென்ட் என்பது தமனிக்குள் கம்பி வழியாகக் கொண்டுபோய் விரித்து வைக்கும் வலைக்குழாய். 2010-ல் வந்த கிரெஸ்ட் ஆய்வில் மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், ஆனால் சிக்கல்களின் வகை வேறு. ஸ்டென்டில் பக்கவாதம் கொஞ்சம் அதிகம் (4.1-க்கு எதிராக 2.3 சதவீதம்), ஆபரேஷனில் மாரடைப்பு அதிகம் (2.3-க்கு எதிராக 1.1). எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக ஆபரேஷன் பக்கம்தான் சாயும், காரணம் வயசாக ஆகத் தமனிகள் வளைந்து நெளிந்து, கம்பி கொண்டுபோவதே துணுக்குகளைக் கிளப்பிவிடலாம். ஏற்கனவே கழுத்தில் கதிர்வீச்சோ ஆபரேஷனோ நடந்தவர்கள், மயக்கம் கொடுக்க முடியாத அளவுக்கு இதயம் பலவீனமானவர்கள் என்றால் ஸ்டென்ட். "கத்தி இல்லை, இரண்டு நாளில் வீடு" என்பதை மட்டும் காரணமாக வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "டாக்டர், நீங்கள் செய்தவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது?" அறிகுறி வந்தவர்களுக்குச் செய்வதில் அது 6 சதவீதத்துக்குக் கீழேயும், வராதவர்களுக்கு 3 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. அதைத் தாண்டினால் ஆபரேஷனின் லாபமே அடிபட்டுப்போகும்.

அறிகுறியே இல்லை, ஆனால் 75 சதவீதம் என்கிறார்கள். என்ன செய்வது?

இதில்தான் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. 1995-ல் ஏகாஸ் ஆய்வில் ஐந்து வருஷத்தில் 11 சதவீதம் பக்கவாதம் என்பது ஆபரேஷனால் 5.1 ஆனது. அதாவது ஐந்து வருஷத்தில் நூறு பேரில் ஆறு பேருக்கு லாபம். ஆனால் அந்தக் காலத்தில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையும் பிரஷர் கட்டுப்பாடும் இன்றைய அளவுக்கு இல்லை, இன்று மாத்திரையோடு மட்டும் இருப்பவர்களுக்கே ஆபத்து குறைந்துவிட்டது. 2025 இறுதியில் வெளியான கிரெஸ்ட்-2 இன்றைய மாத்திரைகளோடு இதைத் திரும்பப் பார்த்தது. நாலு வருஷத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 2.8 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 6.0. ஆபரேஷனைப் பார்த்த இணை ஆய்வில் 3.7-க்கு 5.3, அது புள்ளியியல்படி வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. ஸ்டென்ட் ஜெயித்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். நான் அதில் பார்ப்பது வேறு: எந்தப் பக்கம் போனாலும் நூற்றில் குறைந்தது தொண்ணூற்று நாலு பேர் நாலு வருஷம் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆகவே இன்றிரவே அட்மிட் ஆக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு நரம்பியல் டாக்டரிடம் ஒரு கருத்து கேளுங்கள், அதற்கு நேரம் இருக்கிறது.

நூறு சதவீதம் மூடிவிட்டதாம், ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்களே?

கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் சரிதான். முழுக்க மூடிய குழாயிலிருந்து துணுக்குகள் மேலே போவது ஏறக்குறைய நின்றுவிடும். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரு வளையம் இருக்கிறது, தாமஸ் வில்லிஸ் 1664-ல் விவரித்தது. அது நன்றாக இருந்தால் எதிர்ப் பக்கத்து ரத்தமே இந்தப் பக்கத்துக்கும் வரும், ஒரு பக்கம் முழுக்க மூடியதே தெரியாமல் வாழ்பவர்கள் உண்டு. தலைத்தோல் தமனியை மூளைத் தமனியோடு இணைக்கும் பைபாஸை 1985-லும் 2011-லும் பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள், இரண்டிலும் பக்கவாதம் குறையவில்லை. இவர்களுக்குப் பிரஷரை ஒரேயடியாக மிகவும் இறக்கிவிடாமல் பார்ப்பது முக்கியம்.

மாத்திரை அடைப்பைக் கரைக்குமா? எத்தனை நாள்?

கரைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாடினின் வேலை படிவை வெடிக்காமல் கெட்டிப்படுத்துவது, அடுத்த ஸ்கேனில் அதே சதவீதம் வந்தால் மாத்திரை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கெட்ட கொழுப்பை 70-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். சின்னப் பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்தவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் (இரண்டும் ரத்தக்கட்டி உருவாகாமல் தடுப்பவை) சேர்த்து முதல் மூன்று வாரம், பிறகு ஏதாவது ஒன்று மட்டும் என்பது இப்போதைய வழக்கம். இரண்டையும் வருஷக்கணக்கில் சேர்த்து எடுத்தால் ரத்தக்கசிவுதான் கூடும், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். பீடி, சிகரெட் நிற்காமல் மேலே சொன்ன எதுவும் முழுசாக வேலை செய்யாது.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை கழுத்து டாப்ளர் எடுக்கலாமா?

அறிகுறி இல்லாத சாதாரண ஆட்களுக்கு வேண்டாம். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2014-லும் 2021-லும் இதைத்தான் சொன்னது. நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: இந்தியர்கள் உட்பட ஆசியர்களுக்குத் தலைக்குள் இருக்கும் தமனிகளில் அடைப்பு வருவது வெள்ளைக்காரர்களைவிட அதிகம், கழுத்து டாப்ளர் அதைக் காட்டாது. தலைக்குள் இருக்கும் பகுதியில் அடைப்பு என்றால் முதல் வைத்தியம் மாத்திரைதான். 2011-ல் சாம்ப்ரிஸ் ஆய்வில் அங்கே ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு ஒரே மாதத்தில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, மாத்திரைப் பக்கம் 5.8.

முப்பத்தைந்து வயசு, சுகர் இல்லை, பிரஷர் இல்லை. எப்படிப் பக்கவாதம் வரும்?

இளம் வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிழிசல். தமனியின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து பாதையை அழுத்திவிடும். விபத்து, கழுத்தை வேகமாகத் திருப்புவது, சில நேரம் காரணமே தெரியாது. ஒரு பக்கக் கழுத்திலும் முகத்திலும் இதுவரை இல்லாத மாதிரி வலி, அதே பக்கம் இமை லேசாகத் தொங்கிக் கண்மணி சின்னதாவது, காதில் நாடியோடு சேர்ந்து ஒரு சத்தம். இந்த வலிக்குப் பிறகு சில மணி நேரத்திலோ சில நாளிலோ பக்கவாதம் வரலாம்.

சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்து "டக்" என்று சொடக்கு எடுப்பார்களே, அதை விட்டுவிடுங்கள். அதில் அதிகம் அடிபடுவது கழுத்தெலும்பு வழியாகப் போகும் முதுகெலும்புத் தமனிதான், ஆனால் கரோட்டிடும் கிழியலாம். தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்க்கட்டும், கழுத்தைத் திருக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நல்ல செய்தி, பெரும்பாலான கிழிசல்கள் சில மாதத்தில் தானாக ஆறிவிடும். ஆஸ்பிரின் வகையா, ரத்தம் உறையாமல் வைக்கும் வார்ஃபரின் வகையா என்று 2015-ல் கேடிஸ் ஆய்வு ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நடுவயதுப் பெண்களுக்கு வரும் நார்த்தசைக் கோளாறு என்று ஒன்று உண்டு, தமனி சுருங்கியும் விரிந்தும் மாறி மாறி இருக்கும். அது இருந்தால் கிழிசல் சுலபம், சிறுநீரகத் தமனியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பைக்கில் விழுந்து தலையில் அடி. ஒரு மாதம் கழித்து ஒரு கண் சிவந்து பிதுங்குகிறது. மெட்ராஸ் ஐ-யா?

இல்லை என்று நினைத்தே தொடங்குங்கள். மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், உறுத்தும், பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் வரும், தலைக்குள் சத்தம் கேட்காது. கண் பிதுங்கி, நாடியோடு துடித்து, காதுக்குள் "புஸ் புஸ்" என்று விடாமல் கேட்டால், கண்ணுக்குப் பின்னால் சிரை ரத்தம் தேங்கும் குகை போன்ற பகுதிக்குள் தமனி உடைத்துக்கொண்டு நேரடியாகப் பாய்கிறது என்று அர்த்தம். சொட்டு மருந்தில் வாரங்களைக் கழித்தால் பார்வை போகும். ரஷ்யாவின் செர்பினென்கோ 1974-ல் பிரிந்து நிற்கும் பலூனால் இந்த ஓட்டையை அடைத்ததாக வெளியிட்டார், இப்போது பெரும்பாலும் தொடை வழியாகப் போய் உலோகச் சுருள் வைத்து அடைக்கிறார்கள்.

அனியூரிசம் என்று எழுதியிருக்கிறது. உடனே வெடித்துவிடுமா?

அனியூரிசம் என்றால் தமனிச் சுவர் ஓரிடத்தில் பலூன்போல் வீங்கியிருப்பது. வெடிக்குமா என்பது எந்த இடம், எவ்வளவு பெரிசு என்பதைப் பொறுத்தது. மண்டையோட்டை ஒட்டிய அந்தக் குகைப் பகுதியில் இருக்கும் வீக்கம் வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிவது அரிது, அது பக்கத்து நரம்புகளை அழுத்தி இரட்டைப் பார்வை தரும். மேலே, பின்பக்க இணைப்புத் தமனி கிளம்பும் இடத்தில் இருப்பதுதான் பொல்லாதது. இமை முழுக்க மூடி, கண்மணி விரிந்து, தலைவலியும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கிழிசலில் கண்மணி சுருங்கும், இதில் விரியும். சுகர்காரர்களுக்கு இமையையும் கண்மணியையும் இயக்கும் அதே நரம்பு அடிபட்டால் கண்மணி பெரும்பாலும் மாறாது, ஆனால் அதை வீட்டில் டார்ச் அடித்து முடிவு செய்ய வேண்டாம்.

குழந்தைக்கு அழும்போதும் பலூன் ஊதும்போதும் கை விழுகிறது. இதுவும் தமனியா?

இருக்கலாம். மோயாமோயா என்ற நோயில் உள் கரோட்டிட் முடியும் இடம் இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வரும், அதை ஈடுகட்ட முளைக்கும் நுண்ணிய குழாய்கள் ஆஞ்சியோவில் புகை போலத் தெரியும். அழும்போது மூச்சு வேகமாகி ரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது, அதனால் மூளைத் தமனிகள் சுருங்கிக் கை விழுகிறது. ஜப்பான், கொரியாவில் அதிகம், நம்மிடமும் உண்டு. இங்கே பைபாஸ் உண்மையிலேயே உதவுகிறது, மேலே, நூறு சதவீதம் மூடியவர்களுக்கு உதவாது என்று சொன்ன அதே வகை ஆபரேஷன்தான்.

அரிவாள் செல் ரத்தசோகை இருக்கும் குழந்தைகளுக்கும் இதே இடம் சுருங்கும். இந்தியாவில் அந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். இந்தியாவில் காணும் வகை பொதுவாக ஆப்பிரிக்க வகையைவிடச் சாது என்றாலும் பக்கவாதம் வராது என்று சொல்ல முடியாது. தலை வழியாக எடுக்கும் டாப்ளரில் வேகம் 200 செ.மீ.யைத் தாண்டிய குழந்தைகளுக்கு முறையாக ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் 92 சதவீதம் குறைந்தது என்று 1998-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஊசி கூடப் போடாத ஒரு டெஸ்ட் அது.

பிறவியிலேயே ஒரு பக்கம் தமனி இல்லையாம். அல்லது வளைந்திருக்கிறதாம்.

இல்லாமல் இருப்பது மிக அரிது, பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. எலும்பில் அதற்கான குடைவே இருக்காது, சிடி-யில் அதைப் பார்த்துத்தான் பிறவிக் குறையா, பிற்பாடு மூடியதா என்று பிரிப்பார்கள். எதிர்ப் பக்கம் அதிக ரத்தத்தைச் சுமப்பதால் அங்கே வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றபடி பயமில்லை.

வளைவு நெளிவு வயசானவர்களுக்குச் சகஜம், பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: தமனி தொண்டைச் சுவரை ஒட்டியோ நடுக்காதுக்குள்ளோ தடம் மாறிப் போவதாக ரிப்போர்ட்டில் இருந்தால், டான்சில், காது, மூக்கு ஆபரேஷன் எதுவானாலும் அந்த ரிப்போர்ட்டை முதலில் காட்டுங்கள். நடுக்காதில் சிவப்பாகத் தெரிவதைக் கட்டி என்று நினைத்து சதை எடுத்தால் ரத்தம் பீறிடும்.

வாய்ப்புற்றுக்குக் கழுத்தில் கதிர்வீச்சு எடுத்தோம். இதற்கும் தொடர்பா?

ஆம். சில வருஷம் கழித்துத் தமனி நீளமாகச் சுருங்கலாம், புகையிலைப் பழக்கம் ஏற்கனவே இருப்பதால் இன்னும் சுலபமாக. புண் ஆறாமல் இருக்கும் கழுத்தில் திடீரென்று கொஞ்சம் ரத்தம் வந்து நின்றால் "நின்றுவிட்டதே" என்று விடக்கூடாது, தமனியே உடையப்போகும் முன்னறிவிப்பாக இருக்கலாம். 2021-ல் கொரோனாவுக்குப் பின் வந்த கருப்புப் பூஞ்சையும் மூக்கிலிருந்து கண் வழியாக இந்தத் தமனியை எட்டி அடைத்துப் பலருக்குப் பக்கவாதம் தந்தது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அது கொரோனா இல்லாமலும் வரும்.

சவரம் செய்யும்போது அப்பா மயங்கி விழுந்தார். அடைப்பா?

அடைப்பு இப்படி வெறும் மயக்கமாக வருவது அரிது. உள் கரோட்டிட் தொடங்கும் இடத்தில் பிரஷரை உணரும் ஒரு பகுதி இருக்கிறது. சில முதியவர்களுக்கு, ஆண்களுக்கு அதிகம், அதை லேசாக அழுத்தினாலே இதயத் துடிப்பு சில விநாடி நின்றோ பிரஷர் சரிந்தோ போகும். சவரம், இறுக்கமான காலர், கழுத்தைச் சட்டென்று திருப்புவது எல்லாம் அதைத் தூண்டும். இதய டாக்டர் இசிஜி ஓடவிட்டு, ஒவ்வொரு பக்கமாக அழுத்திப் பார்த்து உறுதி செய்வார், தேவைப்பட்டால் பேஸ்மேக்கர் வைப்பார். சமீபத்தில் பக்கவாதம் வந்தவருக்கும், ஸ்டெத்தில் கழுத்தில் இரைச்சல் கேட்பவருக்கும் அந்தச் சோதனையைத் தவிர்ப்பார்கள், அழுத்தும்போது படிவு பிய்ந்து போகலாம் என்பதால். வீடியோ பார்த்து வீட்டிலேயே அப்பாவின் கழுத்தை அழுத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.